எதைவிட டீச்சரும் இரண்டாம் வரிசைச் செடிகளும்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, பெற்றோர் சங்கத் தலைவி அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் டீச்சரின் கணவரும் எங்கள் பள்ளி பஸ் டிரைவருமான அண்ணன் அவர்களே, சக ஆசிரியர்களே, பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

நம் அறிவியல் ஆசிரியை, ஆய்வகப் பொறுப்பாளர், போன வாரம் மாரடைப்பில் நம்மை விட்டுப் போய்விட்டார். 'இன்னிக்கு வெயில் அதிகம்' என்று யாராவது சொன்னால் போதும், 'எதைவிட?' என்று கேட்பார். அதனால் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னாலும் நான் நேருக்கு நேராகவும் அவரை 'எதைவிட டீச்சர்' என்றே கூப்பிட்டோம். அவரைப் பற்றிப் பேசச் சொல்லி என்னை எழுப்பிவிட்டார்கள். கணக்கு வாத்தியார் நான், வாய் ஓயாதவன் என்று பெயர் எடுத்தவன். இன்றைக்கு ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியவில்லை. நம் பள்ளியிலேயே சிறந்த ஆசிரியை என்று தொடங்கினால், 'யாரைவிட, கணக்கு சார்?' என்று காதுக்குள் கேட்கிறது. அவர் வந்த பிறகுதான் பிள்ளைகள் அறிவியலை விரும்பினார்கள் என்று சொல்லப் போனால், 'நான் வராம இருந்திருந்தா?' என்று அடுத்த கேள்வி வருகிறது. புகழவே விடாதவரை நான் எப்படிப் புகழ்வேன்?

நடந்ததை மட்டும் சொல்கிறேன். தலைமையாசிரியர் கோபிக்கக் கூடாது. தாமதமாக வரும் பிள்ளைகள் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டார்கள் என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒரு வரைபடம் காட்டினார். முதல் கம்பம் ஓங்கி நின்றது, அடுத்தது அதில் பாதிதான்; ஆனால் கம்பங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கவில்லை. எதைவிட டீச்சர் எழுந்தார், சாக்பீஸை எடுத்தார், அதே எண்களைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கிப் பக்கத்திலேயே வரைந்தார். இரண்டு கம்பமும் ஏறக்குறைய ஒரே உயரம்! தலைமையாசிரியர் கொஞ்ச நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு ஆய்வக வாசலில் போய் நின்றவரும் அவரேதான்.

ஓவிய ஆசிரியர் மாத்திரை போட்டதும் தலைவலி பறந்துவிட்டது என்றார். ஒரு தடவை போடாமல் இருந்து பார்த்தீர்களா என்று டீச்சர் கேட்டார். பார்த்தார். அப்போதும் பறந்துவிட்டது. இன்றும் அவர் மாத்திரை போடுகிறார், டீச்சர் இருந்தவரை அவருக்குத் தெரியாமல் போட்டார்.

எனக்குப் பின்னால் தொங்கும் சார்ட்டைப் பாருங்கள். டீச்சரும் பிள்ளைகளும் கடைசியாகச் செய்த சோதனை அது. வடிகட்டிய பிறகு வீசி எறியும் டீத்தூள் தக்காளிச் செடிக்கு உரமாகுமா? ஆய்வக ஜன்னலோரம் இரண்டு வரிசைத் தொட்டிகள். ஒரே மண், ஒரே விதை, ஒரே அளவு தண்ணீர். முதல் வரிசைக்கு டீத்தூள் உண்டு, இரண்டாம் வரிசைக்கு இல்லை. ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே என்பது அவர் சட்டம். தினமும் பிள்ளைகள் ஸ்கேல் வைத்து அளந்து, சார்ட்டில் இரண்டு கோடு வளர்த்தார்கள். முதல் வரிசையின் கோடு சற்று மேலே இருந்தபோது, கோடு இரண்டும் ஓர் இடத்தில் நின்றுவிட்டன. அதுதான் டீச்சர் போன நாள்.

அதன் பிறகு எல்லோரும் ஆய்வகத்துக்குப் போனோம். அந்தத் தொட்டிகளின் பக்கத்தில் நின்று அழுதோம். ஒருவரும் அளக்கவில்லை. நேற்று ஸ்கேலோடு போன பிள்ளைகள் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் வரிசைத் தொட்டிகளில் டீத்தூள் குவிந்து கிடக்கிறது! யார் போட்டது என்று விசாரித்தேன். காவல்காரர் தலையைச் சொறிந்தார்.

"பாவம் சார், அந்தப் பக்கத்துச் செடி மட்டும் என்ன தப்பு பண்ணுச்சு? டீச்சர் ஞாபகமா ஒரு பிடி போட்டேன்."

அவர் ஒருவர்தானா? ஓவிய ஆசிரியர் போட்டிருக்கிறார். தலைமையாசிரியர் தம் டம்ளரோடு போய்ப் போட்டிருக்கிறார். டீச்சரின் குடையை எடுக்க வந்த அண்ணனும் போட்டிருக்கிறார்.

இப்போது இரண்டு வரிசையும் ஒரே உயரம். டீத்தூளாலா? இந்த வாரம் அடித்த வெயிலாலா? எனக்குத் தெரியவில்லை. எதைவிட என்று கேட்க டீத்தூள் படாத ஒரு வரிசைகூட மிச்சமில்லை. அடுத்த வாரம் அறிவியல் கண்காட்சி. நின்ற இடத்திலிருந்து இன்றைய உயரம் வரை கோட்டைச் சேர்த்துவிடலாம், டீச்சர் பெயரில் ஒரு பரிசாவது வரட்டும் என்கிறார் தலைமையாசிரியர். சேர்க்கலாமா சார் என்று வகுப்புத் தலைவி காலையில் கேட்டாள். மேடையில் சொல்கிறேன் என்று தப்பித்தேன். மேடைக்கு வந்தும் குழம்பிக்கொண்டுதான் இருந்தேன். பாசத்தில் போட்டதைப் பிழை என்று எழுத எனக்கு மனம் வருமா?

சற்று முன் வாசலில், உங்கள் எல்லோர் முன்னாலும், அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"முதல் நாள் நெஞ்சு வலிக்குதுன்னு சொன்னப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா பொழச்சிருப்பாளா, சார்?"

கட்டாயம் பிழைத்திருக்க மாட்டார் என்று சொல்லி அவரைத் தேற்ற நினைத்தேன். இப்போது இந்த மேடையிலிருந்தே பதில் சொல்கிறேன். அண்ணே, அதை ஒப்பிட்டுப் பார்க்க நமக்கு இன்னொரு வரிசை இல்லை. எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்காக உங்கள் மேல் நீங்களே பழி போட்டுக்கொள்ள டீச்சர் சம்மதிக்கவே மாட்டார்.

தெரியாததைத் தெரியாது என்று அண்ணனிடமே சொல்லிவிட்டேன். இனி அந்தக் கோட்டைச் சேர்க்க என் கை வராது. வகுப்புத் தலைவியே, அந்த இடத்தை வெள்ளையாகவே விடு. கீழே உன் கையால் எழுது: 'எங்கள் டீச்சர் இறந்துவிட்டார். இந்த நாட்களில் நாங்கள் அளக்கவில்லை. இரண்டாம் வரிசைக்கும் டீத்தூள் போட்டுவிட்டோம்.' பரிசு வராவிட்டால் போகட்டும்.

நாளைக் காலை புது மண், புது விதை, மறுபடியும் இரண்டு வரிசை. டீச்சர் தொடங்கியதை நாங்கள் முடிப்போம், இது இந்தச் சபைக்கு நான் தரும் வாக்கு. இரண்டாம் வரிசைப் பக்கம் யாரும் கையை நீட்டாதீர்கள். மனசு கேட்காதவர்களுக்காக ஆய்வக வாசலில் தனியாக ஒரு தொட்டி வைக்கிறோம். எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள். முதல் பிடி அண்ணன் போடட்டும். அந்தத் தொட்டியை மட்டும் நாங்கள் அளக்க மாட்டோம்.