ராஜா உடை குறித்து ஒரு திருத்தம்

மார்ச் 14, வியாழன்.

இன்றைய பிழை: வெல்வெட்டை நல்ல பக்கத்திலேயே வைத்து இஸ்திரி போட்டுவிட்டேன். இழைகள் படுத்துவிட்டன. ஆவி காட்டி நிமிர்த்திப் பார்த்தேன், பாதிதான் எழுந்தன. வெல்வெட்டைத் திருப்பிப் போட்டுத்தான் தேய்க்க வேண்டும் என்பது வகுப்பில் சேர்ந்த முதல் வாரமே படித்தது. தெரிந்த விஷயத்தில் தவறுவதுதான் என் வழக்கம்.

டீச்சர், முதலில் பிழை, நடுவில் காரணம், கடைசியில் மறுநாள் வேலை என்று நீங்கள் சொல்லிக்கொடுத்த முறையிலேயே தினக்குறிப்பு எழுதி வருகிறேன். இன்று காரணப் பகுதி நீளும். ஏனென்றால் இன்னொரு பிழையும் இருக்கிறது. என் இறுதி அறிக்கையில், ‘அணிந்தவர் கடைசிவரை பாத்திரத்தை விட்டு வெளியே வரவில்லை’ என்று எழுதியிருந்தேன். அது சரியல்ல. ஒருமுறை வந்தார். அதைத் திருத்த விரும்புகிறேன்.

உங்களுக்குத் தெரிந்த சிலவற்றையும் சேர்த்தே எழுதுகிறேன். இதை வேறு யாராவது படிக்க நேர்ந்தால் அவர்களுக்குக் குழப்பம் வரக்கூடாது.

பகலில் நான் ஆயத்த ஆடைக் கம்பெனியில் காலர் சரிபார்க்கிறேன். நாள் முழுக்கக் கழுத்துகள்தான். மாலையில் உங்கள் வகுப்பு: கற்பனை உலக ஆட்டங்களில் வரும் பாத்திரங்களுக்கு உடையும் நகையும் ஆயுதமும் வடிவமைப்பது. மூடிப்போன பிஸ்கட் தொழிற்சாலையின் கிடங்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடும் ஆட்டக் குழுவுக்குத்தான் நாங்கள் தைக்கிறோம். வங்கி குமாஸ்தா மந்திரியாவார், மருந்துக்கடை அக்கா சூனியக்காரியாவார். எழுதிக் கொடுத்த வசனம் கிடையாது. காலையில் உடை மாட்டினால் சாயங்காலம்வரை அந்த ஆளாகவே பேச வேண்டும், சாப்பிட வேண்டும், சாகவும் வேண்டும்.

இதில் ஒரு விதி உண்டு. யார் கத்தினாலும் அழுதாலும் உருண்டாலும் அது நடிப்பு. உண்மையிலேயே ஏதாவது ஆகிவிட்டால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காகத் தூக்க வேண்டும். அந்தச் சைகையைப் பார்த்ததும் ஆட்டம் நின்றுவிடும். சைகை வராதவரை உடை தைத்தவர்கள் சுவரோர பெஞ்சை விட்டு எழுந்து மஞ்சள் கயிற்றைத் தாண்டக் கூடாது. நான் விதிகளை மதிக்கிறவள். அதை நீங்களே ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள்.

என் உடைக்கு ஆள் கிடைக்கவில்லை. கடைசியில் அண்ணன் வந்தான். அவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். போகும் இடமெல்லாம் யாரையாவது சிரிக்க வைத்துவிட்டு வருவான். சின்ன வயதிலிருந்தே இளைப்பு உண்டு. சட்டைப்பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். வீட்டில் என்னைப் பாப்பா என்பான். கம்பெனியில் எனக்குப் பதவி உயர்வு கொடுத்தாலும் அப்படித்தான் கூப்பிடுவான்.

முதல் ஆட்டத்தில் அவனை ராஜாவாக்கினேன். பித்தளைக் கம்பியில் கிரீடம், ரெசின் ஊற்றிய கற்கள், ஃபோம் ஷீட்டைச் சூடுகாட்டி வளைத்த வாள். உறையிலிருந்து உருவினால் இரும்பு என்றுதான் யாரும் சொல்வார்கள். அண்ணன் அந்த வாளை எடுத்துப் போய் அதன் முனையால் மின்விசிறியின் சுவிட்சை அணைத்தான்.

“என்ன அரசே இது?” என்றார் மந்திரி.

“கரண்ட் பில்லு நம்ம கஜானாவுலருந்துதானய்யா போகுது?”

கிடங்கே சிரித்தது. பிறகு வாளைக் கீழே போட்டுவிட்டு, கிரீடத்தை முழங்கையில் மாட்டிக்கொண்டு தலையைச் சொறிந்தான். கழுத்து உறுத்துகிறது என்று ஆரத்தைக் கழற்றி ஒரு படைவீரன் கையில் கொடுத்தான். கழிப்பறை போக வேண்டும் என்பதற்காகக் கைகளைத் தலைக்கு மேலே தூக்கினான். ஒரு போரே அப்படியே நின்றது. “சாரி சாரி, டீ கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு” என்றபடி ஓடினான். எல்லோருக்கும் அவனைப் பிடித்துப்போனது.

அன்று என் மதிப்பீட்டுத் தாளில் நீங்கள் எழுதியது எனக்கு மனப்பாடம்: ‘உடை ராஜாதான். உள்ளே இருப்பது உங்கள் அண்ணன். ஆளை மறைக்காத உடை முடிந்த உடை அல்ல.’

நீங்கள் சொன்னது நியாயம். அதை நான் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை, பாடமாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவன் எந்தெந்த வழியாக வெளியே வந்தான் என்று யோசித்து, ஒவ்வொன்றாக மூடினேன். கிரீடம் கழன்றது, அதைத் தலையோடு ஒட்டிய துணிக் குல்லாயில் தைத்தேன். ஆரம் கழன்றது, ஆரத்தையும் கழுத்துக் கவசத்தையும் ஒன்றாக்கி, கொக்கிகளைப் பின்பக்கம் வைத்து, சரிகைப் பின்னலுக்கு அடியில் மறைத்தேன். வாள் கையை விட்டுப் போனது; ஐந்து மோதிரங்களையும் ஒரு காப்பையும் மெல்லிய சங்கிலியால் கோத்து வாள் பிடியோடு இணைத்தேன். நகையாகப் பார்த்தாலும் அது நல்ல வேலை.

மிச்சம் இருந்தது கைகள். தோள் கவசத்தை மூன்று அடுக்காக, மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி அமைத்தேன். கையை மார்பு உயரம்வரை தூக்கலாம். அதற்கு மேலே அடுக்குகள் ஒன்றோடொன்று முட்டி நின்றுவிடும். நானே மாட்டிப் பார்த்தேன். கூரையில் ஒட்டடை இருந்தது; துடைப்பத்தோடு கையைத் தூக்கினேன். தூக்க முடியவில்லை. திருப்தியாக இருந்தது.

அளவு பார்க்கக் கூப்பிட்டபோது அண்ணன் கண்ணாடி முன்னால் வாத்து மாதிரி கைகளை அடித்துக் காட்டினான்.

“என்ன பாப்பா, கையே தூக்க வரலை?”

“ராஜா எதுக்குக் கை தூக்கணும்? அவரைப் பாத்து மத்தவங்கதான் தூக்கணும்.”

“அது சரி. மூக்கு அரிச்சா?”

“மந்திரிகிட்ட சொல்லு.”

“அவரு சம்பளம் வாங்காத மந்திரி. மூக்கெல்லாம் சொறிஞ்சுவிட மாட்டாரு.”

அடுக்களையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். “அவனுக்கு மூச்சு முட்டாம பாத்துக்கடி. அழகு அழகுன்னு சாகாத.”

“பாத்துக்கறேம்மா.”

அண்ணன் இன்ஹேலரை எடுத்து, “இதை எங்க வைக்கறது?” என்றான்.

“பாக்கெட் வச்சா இடுப்புல கட்டி வந்த மாதிரி துருத்தும். என் தையல் பெட்டியில இருக்கட்டும். நான் அங்கதானே உக்காந்திருப்பேன்?”

“நீ இருக்கறப்ப எனக்கென்ன” என்று அதை என் கையில் கொடுத்துவிட்டான். யோசிக்கக்கூட இல்லை. அவன் எதையுமே யோசித்துச் செய்கிறவன் அல்ல. எங்கள் இருவருக்கும் அதுதான் வித்தியாசம்.

இறுதி ஆட்டத்தன்று நீங்களும் பெஞ்சின் கோடியில் தாளோடு உட்கார்ந்திருந்தீர்கள். அரசவைக் காட்சியில் புகை விடுவார்கள் என்று மந்திரி காலையிலேயே உடை தைத்த எங்களிடம் மட்டும் வந்து சொன்னார். அண்ணனிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். அவன் அப்போதே கொட்டாவி விட்டுக்கொண்டு, “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். சொன்னால் கழற்றிவிடுவான் என்று தோன்றியது. சொல்லவில்லை.

சூனியக்காரி விஷக் கோப்பையை ராஜாவின் உதட்டருகே பிடித்தார். ராஜா குடித்தார். புகை இயந்திரம் ஓடியது. பழைய மாவுத் தூசியும் புகையும் கலந்து வெளிச்சம் சாய்வாக விழுந்தது. ராஜா இருமினார்.

அது நடிப்பல்ல என்று எனக்கு முதல் இருமலிலேயே தெரியும். அந்த இருமலோடு ஒரே அறையில் வளர்ந்தவள் நான்.

மற்றவர்களுக்குத் தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அண்ணன் இவ்வளவு நன்றாக நடித்து அவர்கள் பார்த்ததே இல்லை. மந்திரி மண்டியிட்டு, “அரசே, இதைச் செய்தது யார்? கைகாட்டுங்கள்!” என்று கதறினார். ராஜா கைகளைத் தூக்கப் பார்த்தார். அடுக்குகள் முட்டின. கைகள் மார்பளவில் நின்று நடுங்கின. வாள் விரல்களோடு கட்டப்பட்டிருந்ததால் அதுவும் கூடவே எழுந்து, ஒவ்வொருவர் பக்கமாகத் திரும்பியது. யார் பக்கம் திரும்பியதோ அவர்கள் எல்லாம் குற்றம் சாட்டப்பட்டதாக நினைத்துத் தரையில் விழுந்தார்கள். யாரோ கைதட்டக்கூடச் செய்தார்கள்.

பிறகு அவன் பெஞ்சைப் பார்த்தான். “பாப்பா” என்றான்.

சத்தமாக இல்லை. கழுத்துக் கவசத்துக்கு மேலே உதடு அசைந்தது, அவ்வளவுதான். அந்த நாட்டில் பாப்பா என்று யாரும் கிடையாது. ஆகவே அது பாத்திரத்தை விட்டு வெளியே வந்ததுதான். நான் திருத்த வேண்டியதாகச் சொன்னது இந்த இடத்தைத்தான்.

மடியில் இருந்த பெட்டியைத் திறந்தேன். இன்ஹேலர் சாக்குக்கட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த நேரம் உங்களைத் திரும்பிப் பார்த்தேன், டீச்சர். நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு ராஜாவையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். யாருடைய உடைக்கும் நீங்கள் பேனாவைக் கீழே வைத்து நான் பார்த்ததில்லை. ராஜா சிம்மாசனப் படிகளில் சரிந்தபோது மேலங்கி மூன்று படிகளிலும் ஒழுகி இறங்கி நின்றது. அந்த மடிப்பை உடை மாட்டும் பொம்மைமேல் வரவழைக்க நான் எவ்வளவோ பாடுபட்டிருக்கிறேன். வந்ததே இல்லை.

சைகையும் வரவில்லை. பெட்டியை மூடிவிட்டேன்.

மருந்துக்கடை அக்கா குனிந்து, சூனியக்காரிக் குரலிலேயே, “உதட்டுக்கு நீலம் யாரு போட்டுவிட்டது? அசல் மாதிரியே இருக்கே” என்றார். பிறகு தொட்டுப் பார்த்தார். குரல் கடைக் குரலாக மாறிவிட்டது. “ஏய், இது சாயம் இல்ல. ஆளுக்கு மூச்சு இல்ல. இதை எப்படிக் கழட்டறது? எங்கடி கொக்கி?”

கொக்கிகளை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. மறைத்துத் தைப்பதற்குத்தானே படித்தோம். என் துணிக் கத்தரியைப் பிடுங்கிப் போய்க் கழுத்துக் கவசத்தை அதன் ரெக்ஸினோடு சேர்த்து வெட்டினார். கத்தரியின் முனை இன்னும் மழுங்கித்தான் இருக்கிறது. இன்ஹேலர் கேட்டார். கேட்டதும் கொடுத்தேன். அதில் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

அண்ணன் பிழைத்துக்கொண்டான். கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். மூளைக்குக் கொஞ்ச நேரம் காற்று போகாததால் கைகளுக்கு இன்னும் பலம் வரவில்லை. பேச்சு இல்லை. எப்போது வரும் என்று டாக்டர் சொல்லவில்லை. நான் கட்டிலருகே போனால் அவன் கண்கள் விரிகின்றன. பக்கத்துக் கருவியில் நாடித்துடிப்பு எண் ஏறுகிறது.

“உன்னைப் பாத்தாதான் அவனுக்கு இப்படி ஆகுது” என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். “உன் மேல அவனுக்கு உசிரு.”

விசாரிக்க வந்த அதிகாரி நல்லவர். தோள் கவசத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கையே தூக்க முடியலையேம்மா, ஏன்?” என்றார். அளவு ஒரு விரல் தவறிவிட்டது என்று சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்து, கற்றுக்கொள்ளும் மாணவியின் கைத்தவறு என்று எழுதிக்கொண்டார். நீங்களும் என் தோளைத் தட்டி, “பழகற கைதானே, மனசுல வச்சுக்காதீங்க” என்றீர்கள்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். என் வேலையில் எனக்கு எப்போதும் சந்தேகம்தான். தைத்ததைப் பிரிப்பேன், பிரித்ததைத் தைப்பேன். காலரைக்கூட மூன்று முறை பார்த்தால்தான் மனம் ஆறும். ஆனால் இந்த ஒரு உடையில் எனக்குச் சந்தேகமே இல்லை. அளவு தவறவில்லை, டீச்சர். கை எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்று நினைத்தேனோ அந்த உயரத்தில்தான் நின்றது. அதைக் கைத்தவறு என்று எழுதுவது எனக்கு மட்டுமல்ல, உங்கள் வகுப்புக்கும் நியாயமில்லை.

ஒருமுறை வெளியே வந்ததற்கான மதிப்பெண்ணைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதுதான் நேர்மை.

சனிக்கிழமை அண்ணனை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். குழாயைப் பிடித்து நிறுத்தும் கழுத்துப்பட்டை அவன் தோலை உறுத்துகிறதாம். “மெத்துன்னு ஒண்ணு தச்சுக் கொடுடி. அவன் கழுத்தளவு உன்னைவிட யாருக்குத் தெரியும்?” என்று அம்மா கேட்டாள். மேலங்கியில் மிஞ்சிய வெல்வெட் இருந்தது. அதைத்தான் இன்று இஸ்திரியில் கெடுத்தேன்.

நாளைய வேலை: புதிதாக ஒரு துண்டு வெல்வெட் வெட்டி, திருப்பிப் போட்டுத் தேய்ப்பது. அண்ணனின் கழுத்துப்பட்டையைத் தைத்து முடிப்பது. கொக்கி பின்பக்கம்.