ஒரு சொட்டு மிச்சமில்லை

பால் பாட்டிலை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். எடுத்த எடுப்பில் வெந்நீரை ஊற்றினால் பால் உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும்; பிறகு என்ன தேய்த்தாலும் வாடை போகாது. இது தெரியாமலேயே பலர் பிள்ளை வளர்க்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். என் சமையலறையில் எல்லாம் ஏன் அத்தனை சுத்தமாக இருந்தது என்று கேட்டீர்களே, அதற்காகச் சொல்கிறேன்.

எட்டு வருடங்களாக வேலைக்குப் போகிற பெண்களின் கைக்குழந்தைகளை என் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். ஒரு சமயத்தில் ஒரு பிள்ளைதான் எடுப்பேன். காலை எட்டரைக்கு வரும், மாலை ஐந்தரைக்குப் போகும். அந்தப் பெண்ணின் பிள்ளையோடு சேர்த்துப் பதினொரு பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் நானே ஒரு செல்லப் பெயர் வைப்பேன். முதல் பிள்ளை தூங்குமூஞ்சி. அப்புறம் பஞ்சு மூட்டை, ஊமைக்கோட்டான், கும்பகர்ணன் என்று வரிசையாக உண்டு. இவனுக்கு வைத்தது வீம்பன். தாய்ப்பால் மட்டுமே குடித்த பிள்ளையைப் பாட்டிலுக்குப் பழக்க வேண்டுமென்றால் எங்கள் கட்டடத்தில் யாரைக் கேட்டாலும் என் கதவைத்தான் காட்டுவார்கள். என்னைக் கைராசிக்காரி என்பார்கள். நானாகச் சொல்லிக்கொள்வதில்லை.

அந்தப் பெண் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். கணவன் லாரி ஓட்டுகிறான். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். வேலைக்குத் திரும்ப நான்கு நாள் இருக்கும்போது, நான்கு மாதப் பிள்ளையையும் ஒரு நீலக் குளிர்ப்பையையும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். பைக்குள் இரண்டு பாட்டில். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, பால் எடுத்த தேதி, மணி, எத்தனை அவுன்ஸ் என்று எழுதியிருந்தாள். கண் பரிசோதிக்கிற பலகையில் இருக்கிற மாதிரி கொட்டை எழுத்து.

"பாட்டில் வேண்டாம்னு அழுதான்னா ஸ்பூன்ல கொடுத்துப் பாருங்க அக்கா. அதுவும் வேண்டாம்னா எனக்கு ஒரு போன் அடிங்க. கடை பத்து நிமிஷ நடைதான். ஓடி வந்து கொடுத்துட்டுப் போயிடுவேன்."

இதை அவள் சொன்னாள். சொல்லவில்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆனால் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, பத்துப் பிள்ளைகளைப் பழக்கியவளிடம் ஸ்பூனைப் பற்றிப் பேசியது சுருக்கென்றுதான் இருந்தது.

முதல் மூன்று நாள் எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். நிப்பிளை வெதுவெதுப்பாக்கினேன். அவள் உடுத்திக் கழற்றிய நைட்டியை என் மார்பில் சுற்றிக்கொண்டேன். நடந்துகொண்டே கொடுத்தேன், ஜன்னலைப் பார்க்க வைத்துக் கொடுத்தேன், பசி வருவதற்கு முன்னால் கொடுத்தேன், வந்த பின்னால் கொடுத்தேன். மசியவில்லை. நிப்பிள் உதட்டில் பட்டதும் நாக்கால் தள்ளிவிட்டு, முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்து அழுவான். அத்தனை சின்னப் பிள்ளை அப்படி முறைத்துப் பார்த்து நான் கண்டதில்லை. எனக்குக் கோபம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

நான்காம் நாள் மாலை அவன் கையை வீசியதில் பாட்டில் சாய்ந்து, மூடி கழன்று, பால் முழுவதும் தரையில் ஓடிவிட்டது. துடைத்து முடித்து, காலி பாட்டிலை மேசைமேல் வைக்கிறேன், அவள் வந்து நிற்கிறாள். மறுநாள் வேலைக்கு வராவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வதாகக் கடை முதலாளி சொல்லிவிட்டாராம். முகம் வெளிறிப்போயிருந்தது. மேசையைப் பார்த்தாள்.

"குடிச்சிட்டானா அக்கா?"

நான் வாயே திறக்கவில்லை. பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அப்படியே என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"என் வயித்துல பால வாத்தீங்க அக்கா. உங்க கைராசிய பத்தி எல்லாரும் சொன்னாங்க, நான்தான் நம்பல."

அப்போது போய் இல்லை என்று எப்படிச் சொல்வது? நான் பொய் சொல்லவில்லை. அவள் பாட்டிலைப் பார்த்தாள், அவளாக ஒரு முடிவுக்கு வந்தாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். இவன் ஒன்பதரைக்கு ஆரம்பித்தான். பன்னிரண்டு மணிக்குக் கீழ்வீட்டுத் தையல்காரர் மேலே வந்து கதவைத் தட்டினார். தைத்துக்கொண்டிருந்த சட்டை கையிலேயே இருந்தது.

"என்னம்மா, பிள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? எட்டு வருஷமா உங்க வீட்ல பிள்ளை இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது. இன்னைக்கு மிஷின் சத்தத்தையும் தாண்டிக் கேக்குது."

அவர் நல்ல மனிதர், அக்கறையில்தான் கேட்டார். ஆனால் இன்று தையல்காரர் கேட்பார், நாளைக்கு மூன்றாவது மாடி கேட்கும், நாளன்றைக்குக் கண்ணாடிக் கடை வரைக்கும் போய்விடும். பேர் வாங்க எட்டு வருடம் ஆகிறது, கெடுவதற்கு ஒரு பிள்ளையின் தொண்டை போதும். அதனால் அலமாரியிலிருந்து மருந்தை எடுத்தேன்.

சளிக்குக் கொடுக்கிற சிவப்பு மருந்துதான். தூக்கம் வரும் என்று அட்டையிலேயே போட்டிருக்கும். கைக்குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்றும் போட்டிருக்கும். அட்டையில் எதைத்தான் போடமாட்டார்கள். சொட்டுக்குழாயில் எடுத்துக் கன்னத்தின் ஓரமாக விட்டால் இறங்கிவிடும். பாட்டிலுக்கு வாயை இறுக்கி மூடிக்கொள்கிற வீம்பன் இதைச் சமத்தாக விழுங்கினான். சற்று நேரத்தில் தூங்கிவிட்டான். வீட்டுக்கு அமைதி திரும்பியது.

அதே சொட்டுக்குழாயில் பாலையே கொடுத்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கொடுத்திருக்கலாம்தான். ஆனால் அது பாட்டில் இல்லையே. சொட்டுக்குழாயில் கொடுப்பதற்கு நான் எதற்கு? யார் வேண்டுமானாலும் கொடுப்பார்கள்.

தினமும் காலையிலும் பிற்பகலிலும் ஒருமுறை பாட்டிலை நீட்டிப் பார்ப்பேன். அந்த முயற்சியை நான் விடவே இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நாலரை மணிக்குப் பாலைத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் குழாயைத் திறந்துவிடுவேன். ஒரு சொட்டுக்கூட நான் எனக்கென்று எடுத்ததில்லை, யாருக்கும் கொடுத்ததில்லை. முதல் வாரம் வழக்கப்படி ஃபிரிட்ஜில் வைத்தேன். பிறகு அதற்கும் அவசியம் தெரியவில்லை. பை மாட்டிய கொக்கியிலேயே மாலை வரைக்கும் தொங்கும். காலையில் நீட்டிப் பார்ப்பதற்குக்கூட என் அலமாரியில் இருந்த பழைய பாட்டில் ஒன்றில் வெந்நீரை ஊற்றி வைத்துக்கொண்டேன். அவன் குடிக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பதினொரு மணிக்கு அவள் தினமும் போன் செய்வாள். கடையில் கண் பார்க்கிற இருட்டறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பால் எடுக்கப் போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. குடிச்சானா அக்கா என்பாள். குடிச்சிட்டான்மா, ஒரு சொட்டு மிச்சம் வைக்கல என்பேன். அதைக் கேட்டால்தான் பால் நன்றாகச் சுரக்கிறது என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆகவே அந்த வார்த்தையால் அவளுக்கு நன்மைதான் நடந்தது.

பிள்ளை பட்டினி கிடந்தான் என்று நீங்கள் எழுதினால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். பகலில் பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை, அது உண்மை. அவனுக்குப் பல்லே இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் ஐந்தரைக்கு அவள் கைக்குப் போனதும் முட்டி மோதிக் குடிப்பான். விடியும்வரை விடுவதில்லையாம்.

"உட்கார்ந்தபடியேதான் தூங்குறேன் அக்கா. பகல்ல அவ்ளோ குடிச்சும் ஏன் இப்படிப் பறக்கிறான்?"

"உன்னைத் தேடுறான்மா. பாசம்தான், வேற என்ன" என்றேன்.

மூன்றாம் வாரம் தடுப்பூசி போடுகிற நர்ஸ் அவனை எடை பார்த்திருக்கிறாள். ஏறவில்லை, இறங்கியிருந்தது. அன்று மாலை அந்தப் பெண் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளையின் காலைக் கையில் பிடித்துக்கொண்டு, பிளாஸ்திரி ஒட்டிய பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது காலியாக, சுத்தமாக இருந்தது.

"நர்ஸ் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க அக்கா. இவ்ளோ பால் குடிக்கிற பிள்ளைக்கு எப்படி எடை இறங்கும்னு கேட்டாங்க. என் பால்ல சத்து இல்லையா?"

"சில பேருக்குத் தண்ணிப் பாலாத்தான் ஊறும். அதுக்கு நீ என்னம்மா பண்ணுவே" என்றேன்.

ஆறுதலாகத்தான் சொன்னேன். மறுநாளிலிருந்து சாப்பாட்டு நேரத்திலும் இருட்டறைக்குள் போக ஆரம்பித்துவிட்டாள். பையில் மூன்று பாட்டில் வந்தது. எனக்கு ஊற்றுகிற வேலை ஒன்று கூடியது.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. அவன் வந்து அது பத்தொன்பதாவது நாள். முந்தைய நாள் அவன் இரண்டு மணிக்கே விழித்துக்கொண்டு அழுததால், அன்று மருந்தைக் கொஞ்சம் கூட்டியிருந்தேன். பழகப் பழகக் கூட்ட வேண்டித்தான் இருந்தது. பதினொன்று பத்துக்குப் போன் வந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது. பின்னால் வண்டிச் சத்தம்.

"அக்கா, குடிச்சானா?"

"குடிச்சிட்டான்மா. ஒரு சொட்டு மிச்சம் வைக்கல."



"எந்த பாட்டில்ல?"

"பெரிய பாட்டில்லதான். பத்தரைக்கு."

"பால் என்கிட்ட இருக்கு அக்கா."

அவளிடம் ஒரே மாதிரி இரண்டு நீலப் பைகள் உண்டு. ஒன்றில் பால், மற்றதில் பால் எடுக்கிற கருவி. அன்று காலை மாற்றிக் கொடுத்துவிட்டாள். கடையில் பையைத் திறந்ததும் பிள்ளை பசியோடு இருப்பானே என்று பாலை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். பாதி வழியில்தான் எனக்குப் போன் செய்தாள். நான் கொக்கியிலிருந்த பையைத் திறந்து பார்த்தேன். ரப்பர் குழாயும் கண்ணாடிக் குப்பியும்தான் இருந்தன.

எனக்கு ஐந்தாறு நிமிடம் இருந்தது. முதலில் அவனை எழுப்பினேன். எழவில்லை. தூக்கினால் தலை தொய்ந்தது. மூச்சு வந்தது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி அதிகமாக இருந்தது. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தேன், பவுடர் போட்டேன், தலை வாரினேன், புதுச்சட்டை மாற்றினேன். பிறகு சொட்டுக்குழாயைக் கழுவினேன், முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். அந்த நேரத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்கள். கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவள் வந்துகொண்டிருந்தாள். வந்து பார்க்கும்போது வீடு அலங்கோலமாக இருந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பாள்?

கடைச் சீருடையோடேயே வந்தாள். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். பொத்தானை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் இழுத்ததில் ஒன்று தெறித்து உருண்டது.

"கண்ணு, அம்மா வந்துட்டேன்டா. வாயத் திற. ஒரே ஒரு தடவை. அம்மாடா."

உதடு அசையவில்லை. அவளுக்குப் பால் தானாகவே சொட்டி அவன் கன்னத்தில் வழிந்து பவுடரைக் கரைத்தது. அவள் விரலில் தொட்டு அவன் நாக்கில் வைத்தாள். மறுபடி வைத்தாள். நான் சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அவன் அவளிடமும் குடிக்கவில்லை. அப்படியானால் குறை என் கையில் இல்லை.

அவள் போட்ட சத்தத்தில் தையல்காரர் ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். எட்டு வருடமாகக் கண்டவுடன் வணக்கம் சொன்ன மனிதர், என்னை இடித்துக்கொண்டு போனார். நான் உருண்டு கிடந்த பொத்தானை எடுத்து வைத்தேன். உங்கள் ஆட்கள் எடுத்துப்போன பொருள்களில் அதுவும் இருக்கும், அவளிடம் கொடுத்துவிடுங்கள்.

அலமாரியில் ஏழு மருந்துக் குப்பிகள் இருந்ததைக் கேட்டீர்கள். இவனுக்கென்று வாங்கியது இரண்டுதான். மற்றவை தூங்குமூஞ்சி காலத்திலிருந்து சேர்ந்தவை. காலிக் குப்பியைக் குப்பைக்காரன் பார்க்கும்படி போடுவதில்லை, அவ்வளவுதான். பத்துப் பேருக்கும் கொடுத்தேன். அவர்கள் எல்லாரும் என் மடியில் பாட்டிலும் குடித்தார்கள், பகலெல்லாம் தூங்கவும் செய்தார்கள். பெரியவர்கள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். ஊமைக்கோட்டானுக்கு மட்டும் பேச்சு இன்னும் சரியாக வரவில்லை என்று அவன் அம்மா சொன்னாள். அது அவர்கள் பரம்பரையாக இருக்கும்.

வீம்பன் இன்னும் கண் திறக்கவில்லை என்றும், மூக்கு வழியாகக் குழாய் விட்டு அவள் பாலைத்தான் ஏற்றுகிறார்கள் என்றும் நீங்களே சொன்னீர்கள். குழாயில் போவதெல்லாம் குடித்த கணக்கில் வராது. ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்குப் பொறுமை கிடையாது, பக்குவமும் தெரியாது. அந்தக் குழாயை எடுத்துவிட்டு, பாலை வெதுவெதுப்பாக்கி, அவனை ஒரு அரைமணி நேரம் என் மடியில் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடிப்பான்.