வானத்தில் ஒரு துண்டு

மும்பையில், வடாலாவில் ரயில் நின்றபோது லேடீஸ் பெட்டியில் என் எதிரே இரண்டு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். மூத்தவள் தாராவியில் எம்பிராய்டரி பட்டறை நடத்துகிறவள், இளையவள் அங்கே தைக்கிறவள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

இளையவள் சொன்னாள்: “எங்க வீட்டு கம்ப்யூட்டர் வானத்துல ஆள் தேடுதுக்கா.”

“என்னட்டி ஒளறுத?”

“நெசமாத்தான். வானத்துலேர்ந்து வார ரேடியோ சத்தத்த விஞ்ஞானிமாரு துண்டு துண்டா ஒலகம் பூரா வீடுகளுக்கு அனுப்புதாவ. நாம தொடாம கம்ப்யூட்டர் சும்மா கெடக்கைல, அதுல வேற கெரகத்து ஆளு யாராச்சும் பேசுதாவளான்னு அது பாக்கும். போன மழைக்குத் தண்ணி உள்ள வந்தப்போ, அரிசிக்கு முன்னால அதத்தான் பரண்ல ஏத்தினோம்.”

“யாரும் அம்புட்டாவளா?”

“இத்தன வருசமா ஒண்ணுமில்லக்கா.”

“அப்ப வீண்தான?”

“எப்படி வீணாவும்? எங்களுக்கு வந்த துண்டுல யாரும் பேசலன்னு மொதல்ல தெரிஞ்சது எங்க வீட்டுக்குத்தானே. பத்துக்குப் பத்து ரூம்புக்கா அது!”

மூத்தவள் ஜன்னல் வழியாக மேலே பார்த்துக்கொண்டே இருந்தாள். செம்பூர் வந்தது. எழுந்தவள், கம்பியைப் பிடித்தபடி கேட்டாள்:

“நம்ம பட்டறை கம்ப்யூட்டர் ஞாயித்துக்கெழம பூரா சும்மாத்தான கெடக்கு. அதுக்கும் ஒரு துண்டு குடுப்பாவளாட்டி?”