முதலை முதுகு

காலையில் மைதிலிக்கு இட்லி ஊட்டிவிட்டுத்தான் வந்தேன். அவள் கைகள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனாலும் நான்தான் ஊட்டுவேன். சட்னியில் காரம் கூடினால் விக்கல் வரும், விக்கல் வந்தால் முதுகு இழுத்துப் பிடிக்கும். அதனால் தேங்காயை நானே அரைக்கிறேன். எங்கள் குடியிருப்பில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள் மேடம். இப்படி ஒரு புருஷன் கிடைக்க அவள் கொடுத்து வைத்தவள் என்றுதான் சொல்வார்கள்.

ரசூல் உங்களிடம் கொடுத்த புகாரில் இது இருக்காது. அவன் பார்த்ததை அவன் சொல்லியிருக்கிறான். அதில் எனக்குக் கோபம் இல்லை. பட்டறை அவனுடையது, நாளைக்கு அவன் பெயர் கெடக் கூடாது இல்லையா? ஆனால் அவன் பாதியைத்தான் பார்த்தான். முழுவதையும் நான் சொல்லிவிடுகிறேன்.

நான் திருவெறும்பூரில் தொழிற்சாலையில் கிரேன் பிரிவில் இருக்கிறேன். நெஞ்சு, தோள், கை எல்லாம் சின்ன வயதிலிருந்தே கவனித்து வளர்த்த உடம்பு. சென்னையில் எடுக்கிற அந்த டிவி போட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கயிறு, வலை, சுவர் என்று ஒவ்வொரு தடையாகத் தாண்டிக்கொண்டே போகவேண்டும். நடுவில் தண்ணீருக்கு மேலே ஒரு நீளமான உருளை படுத்திருக்கும். ஆள் ஏறியதும் அது சுற்ற ஆரம்பிக்கும். அதன்மேல் நடந்து அக்கரைக்குப் போகவேண்டும். நிகழ்ச்சியில் அதற்கு ‘முதலை முதுகு’ என்று பெயர். கயிறும் சுவரும் பலத்துக்கு. முதலை முதுகு பலத்தை மதிக்காது. அதில் நின்று நிதானிக்கிறவன் விழுவான், பயப்படாமல் போய்க்கொண்டே இருக்கிறவன் தாண்டுவான்.

எனக்கு அது தெரியும். தெரிந்தும் மூன்று சீசனில் மூன்று முறை விழுந்தேன்.

விழுவது ஒன்றும் குற்றமில்லை, நிறையப் பேர் விழுகிறார்கள். ஆனால் நான் விழுந்ததை மட்டும் டிவிக்காரர்கள் வெட்டி எடுத்து, பின்னால் ஒரு கேலிச் சத்தம் சேர்த்து, விளம்பரத்துக்கு நடுவே போட்டுக்கொண்டே இருந்தார்கள். கேன்டீனில் நான் தட்டை எடுத்துக்கொண்டு வந்தால் யாராவது ஒருவன் செல்போனில் அந்தச் சத்தத்தைப் போடுவான். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் சத்தமாகப் போடுவார்கள்.

அதற்குப் பிறகுதான் ரசூலிடம் போனேன். ஒன்றாகப் படித்தவன், அரியமங்கலத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். பட்டறைக்குப் பின்னால் ஒரு கொட்டகை சும்மா கிடந்தது. அங்கே பழைய குழாயை வைத்து, இரண்டு பக்கமும் பேரிங் போட்டு, டிவியில் இருப்பது போலவே ஓர் உருளை செய்தோம். ஆள் உயரத்தில் நிறுத்தி, ஏறி இறங்க இரண்டு முனையிலும் மேடை வைத்தோம். கீழே தண்ணீர் இல்லை, சிமெண்டுத் தரைதான். அதன்மேல் தடிமனான ஸ்பாஞ்சு மெத்தைகள் விரித்தோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கேதான் இருப்பேன்.

மைதிலிக்கு இதிலெல்லாம் ஈடுபாடு கிடையாது. அவள் ஸ்ரீரங்கத்துக்காரி. காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் மண்டி ஒன்றில் பில் போடுகிற வேலை. ஞாயிறு மத்தியானம் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள், அவ்வளவுதான். ஒருநாள் நான் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தேன். அவள் இந்தப் பக்கம் மேடையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஏங்க, சாப்பாடு ஆறுது” என்றாள்.

“அங்கேயே வெச்சுட்டுப் போ.”

அவள் செருப்பைக் கழற்றினாள். துப்பட்டாவை இடுப்பில் இழுத்துக் கட்டினாள். டிபன் கேரியரைக் கையில் பிடித்தபடியே உருளைமேல் ஏறி, அது சுற்றச் சுற்ற நடந்து, எதிர்ப்பக்கம் இருந்த என்னிடம் வந்து கேரியரை நீட்டினாள். குழம்பு ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

ரசூல் வெல்டிங் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு சிரித்தான். “மாப்ள, நீ மூணு வருஷமா பண்றத தங்கச்சி சாம்பாரோட பண்ணிட்டாங்க.”

“சின்னப்புள்ளைல அம்மா மண்டபம் படித்துறை சுவத்து மேலயே ஓடுவேன் ரசூல் அண்ணே. அது மாதிரிதான் இருக்கு” என்றாள் மைதிலி. அவள் பெருமையாகச் சொல்லவில்லை. அதுதான் மேடம், கவனிக்க வேண்டியது. அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ரசூல் அவளை மறுபடி நடக்கவைத்து வீடியோ எடுத்து அனுப்பினான். டிவிக்காரர்கள் அடுத்த வாரமே கூப்பிட்டார்கள். மைதிலி என்னிடம் வந்து, “நீங்க வேணாம்னா போகலைங்க” என்றாள். நான் ஏன் வேண்டாம் என்று சொல்லவேண்டும்? நானே பயிற்சி கொடுத்தேன். கயிறு ஏறச் சொல்லிக்கொடுத்தேன். எப்படி விழவேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தேன். தோளை முதலில் கொடுத்து உருளவேண்டும், தலையும் நடுமுதுகும் நேராகத் தரையில் மோதக் கூடாது. சொன்னதை உடனே பிடித்துக்கொள்வாள்.

சென்னையில் முதல் சுற்றில் முதலை முதுகை அவள் தாண்டியபோது கூட்டம் எழுந்து நின்றது. தொகுத்து வழங்குகிற பெண் மைக்கை நீட்டி, “உங்க கோச் யாரு மைதிலி?” என்று கேட்டாள்.

“எங்க வீட்டுக்காரர்தாங்க. அவரு எப்படி எப்படி விழறாருன்னு பார்த்துப் பார்த்தே கத்துக்கிட்டேன்.”

கூட்டம் சிரித்தது. கேமரா என் முகத்துக்கு வந்தது. நான் கைதட்டினேன். அது ஒளிபரப்பானபோது அவள் சொன்னதற்குப் பக்கத்திலேயே என் பழைய வீடியோவையும், அந்தச் சத்தத்தையும் சேர்த்திருந்தார்கள். போட்டி முடிந்த அன்று ரயிலில் திரும்பும்போது, “தப்பா சொல்லிட்டேனாங்க?” என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். விழுப்புரம் தாண்டும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் தூக்கம் கெடக் கூடாது என்றுதான்.

அவளுக்கு இதெல்லாம் நல்லதில்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. மண்டியில் ஆட்கள் அவளோடு நின்று போட்டோ எடுக்க ஆரம்பித்தார்கள். தெருவில் என்னைப் பார்த்து, “மைதிலி வீட்டுக்காரர்தானே?” என்றார்கள். புகழ் ஒரு பெண்ணை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாததா? இறுதிச் சுற்றில் ஜெயித்துவிட்டால் அதற்குப் பிறகு வீடு வீடாக இருக்காது. யாராவது ஒருவர் அவளுக்காக யோசிக்க வேண்டியிருந்தது. புருஷனைத் தவிர யார் யோசிப்பார்கள்?

இறுதிச் சுற்றுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். மத்தியானம் ரசூலை பிரியாணி வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். அவன் போகும்போது மெத்தைகள் கீழேதான் இருந்தன. அதை அவன் சரியாகவே சொல்லியிருக்கிறான்.

மைதிலி உருளைக்கு முன்னால் மேடையில் நின்றாள். “இன்னைக்குக் கண்ணைக் கட்டிக்கிட்டு நட” என்றேன்.

“எதுக்குங்க? அங்க அப்படியெல்லாம் வெக்க மாட்டாங்களே.”

“பாதம் பார்க்கணும். கண்ணு பார்த்தா பாதம் சோம்பேறியாயிடும்.”

அவள் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தாள். அவள் துப்பட்டாவாலேயே நான்தான் கட்டினேன். முடி மாட்டி இழுக்கக் கூடாது என்று ஒதுக்கிவிட்டுக் கட்டினேன். பிறகு கீழே இறங்கி மெத்தைகளை ஒவ்வொன்றாக இழுத்துச் சுவரோரம் வைத்தேன். 

“என்னங்க இழுக்கறீங்க?”

“மெத்தை விலகியிருக்கு. சரி பண்றேன்.”

“சரிங்க.”

அதற்குப் பிறகு உருளையின் கோடியில் போய் நின்றுகொண்டு, “வா” என்றேன். அவள் வந்தாள். கண் கட்டியிருந்தும் கொஞ்சமும் தடுமாறவில்லை. இரண்டு கையையும் லேசாக விரித்து, முகத்தை நிமிர்த்தி, பாதங்கள் தாமாகவே நடப்பதுபோல வந்தாள். பாதி தூரம் வந்ததும், சுற்றிக்கொண்டிருந்த உருளையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்து நிறுத்தினேன். ஓடுகிற பஸ்ஸில் நிற்கும்போது டிரைவர் பிரேக் போட்டால் எப்படி இருக்கும், அப்படித்தான். அவளை நான் தொடவே இல்லை.

உருளையைப் பிடித்து நிறுத்தியதைத் தவிர, இதுவரைக்கும் உங்களுக்குத் தெரியும். மெத்தை இருந்த இடம் ஒன்று, ரத்தம் இருந்த இடம் வேறு என்று ரசூல் பார்த்துவிட்டான். பிறகு வீட்டுக்கு வந்து, நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் மைதிலியிடமே கேட்டிருக்கிறான். “கீழ மெத்தை இல்லண்ணே” என்று அவளும் சொல்லியிருக்கிறாள். அதை வைத்து, விழுந்ததில் முதுகெலும்பு போயிற்று என்று எழுதியிருக்கிறீர்கள். டாக்டரும் அப்படித்தான் நினைக்கிறார். மைதிலியும் அப்படித்தான் நினைக்கிறாள்.

அது தப்பு மேடம். அதைத் திருத்தத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

அவள் நன்றாக விழுந்தாள். கண்ணைக் கட்டிய நிலையில், கீழே என்ன இருக்கிறது என்று தெரியாமல், சிமெண்டுத் தரையில் தோளைக் கொடுத்து உருண்டாள். நான் சொல்லிக்கொடுத்ததைவிடச் சுத்தமாகச் செய்தாள். நெற்றி ஓரம் கிழிந்தது, அந்த ரத்தம்தான் ரசூல் பார்த்தது. நான் கண்கட்டை அவிழ்த்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

“ஒண்ணும் இல்லங்க. முதுகுலதான் சுருக்குன்னு ஒரு வலி. காலு அசையுது, பாருங்க.”

பார்த்தேன். இரண்டு பாதமும் அசைந்தன. விரல்களை மடக்கி மடக்கிக் காட்டினாள். மருதாணி போட்டிருந்தாள்.

“ஆம்புலன்ஸ்க்கு சொல்லிடுங்க. நான் இப்படியே அசையாம இருக்கேன்” என்றாள். அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான். தொழிற்சாலையில் எங்களுக்கு வருடாவருடம் முதலுதவிப் பயிற்சி உண்டு. உயரத்திலிருந்து விழுந்தவனுக்கு முதுகு வலித்தால் ஆளைத் தொடாதே, தூக்காதே, உட்காரவைக்காதே, உள்ளே ஒரு எலும்பு விரிசல் விட்டிருந்தாலும் நரம்பு அறுந்துபோகும் என்று பொம்மையை வைத்துக் காட்டுவார்கள். இப்போது எங்கள் பிரிவில் புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவன் நான்தான்.

ஒரு மாதம் ஓய்வெடுத்தால் எழுந்துவிடுவாள் என்று எனக்குப் புரிந்தது. இந்தச் சீசன் இல்லாவிட்டால் அடுத்த சீசன். மறுபடி அந்த மைக், மறுபடி அந்தச் சிரிப்பு. 

மெத்தைகளைப் பழைய இடத்தில் போட்டேன். பின்னால் போய் அவள் அக்குளில் கையைக் கொடுத்தேன்.

“வேணாங்க, தூக்காதீங்க” என்றாள். நான் அவளை எழுப்பி உட்காரவைத்தேன். “ஏங்க, வேணாம்” என்று மறுபடியும் சொன்னாள். அவளை முன்பக்கமாக நன்றாக மடக்கினேன், பிறகு பின்னால் இழுத்துக்கொண்டுபோய் மெத்தையில் கிடத்தினேன். நடுவில் எங்கேயோ அவள் கத்துவதை நிறுத்திவிட்டாள். கண்ணை மூடாமல் மேலே தகரக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க” என்றாள். “என் காலு எங்க இருக்கு?”

இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது என்று சொன்னேன். இரண்டு கால்களும் புடவைக் கடை பொம்மையின் கால்கள் மாதிரி அழகாக இருந்தன. அப்புறம்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். யாராவது அவளை அசைத்தார்களா என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, நேராக மெத்தையிலேயே விழுந்தாள் என்றேன். மைதிலிக்கு மயக்கத்தில் பாதி நினைவில்லை. தூக்கவேண்டாம் என்று சொன்னதே அவளுக்கு ஞாபகம் இல்லை. பாவம், விழுந்ததற்குத் தன்னையே குறை சொல்லிக்கொள்கிறாள்.

எழுதிக்கொண்டீர்களா? பொறுமையாக எழுதுங்கள், அவசரமில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். டிவியிலிருந்து போன வாரம் பேசினார்கள். மனைவி விட்ட இடத்திலிருந்து கணவன் தொடர்கிறான் என்று ஒரு சிறப்பு நிகழ்ச்சி செய்கிறார்களாம். மைதிலியைச் சக்கர நாற்காலியில் குளத்தோரம் உட்காரவைப்பார்கள், அவள் கண்ணெதிரே நான் முதலை முதுகைத் தாண்டவேண்டும். சம்மதம் சொல்லிவிட்டேன். இந்த முறை தாண்டிவிடுவேன், எனக்கு நன்றாகத் தெரிகிறது. உங்கள் வேலையை அதற்கு முன்னால் முடித்துக்கொண்டால் உதவியாக இருக்கும்.

மைதிலியிடமும் சொல்லிவிட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுவதை நான் பார்த்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பாள்.