உள்மடிப்பில் ஓர் ஊசி

"ஹலோ... ஆமாண்ணா, நான்தான்... காலைலயே மைதானத்துக்குப் போயிட்டீங்களா?... முட்டி எப்படி இருக்கு?... அதான் சொன்னேனே, வெறும் வயித்துல மாத்திரை போடாதீங்கன்னு... ம்... ம்... சிட்டு வந்துட்டாளா?... சிரிச்சிக்கிட்டே இருக்காளா? இருப்பா, இருப்பா. சொந்தக் காசுல வாங்கின முதல் பாராசூட் செட்டு. கால் தரையில நிக்குமா?"

சலவைக்கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் அக்கா, தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கிழிந்த கூடாரத் துணி ஒன்றைத் தையல் இயந்திரத்தில் ஓட்டிக்கொண்டிருந்தாள். பாராசூட் மடிப்பதும் பழுது பார்ப்பதும் அவள் தொழில். விமானத்திலிருந்து குதிக்கிறவர்கள் எல்லோருக்கும், அவளைவிட மூத்தவர்களுக்கும்கூட, அவள் அக்காதான். மறுமுனையில் இருந்தவர் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். முட்டி தேய்ந்து குதிக்க முடியாமல் போனதும், தன் பழைய பாராசூட் பையைப் பாதி விலைக்கு, ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் சிட்டுவுக்குக் கொடுத்தவர்.

அந்தப் பெண் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. புதுச் செட்டுக்கு எட்டாது. எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது என்று அக்காதான் உட்கார வைத்துச் சொன்னாள். நிறத்தில் மிச்சம் பிடி, உயிரில் பிடிக்காதே என்றாள். வெயிலில் வெளுத்த பெரிய பாராசூட் போதும். அதை வேறொருவரிடம் மலிவாக வாங்கிக் கொடுத்தாள். அது விரியாமல் போனால் கடைசிக்கு இருக்கிற ரிசர்வ் பாராசூட்டும், இரண்டையும் முதுகில் தாங்கும் பையும் அண்ணாவுடையவை. ரிசர்வை மட்டும் புதிதாக மடித்துப் பூட்டினால் போதும் என்ற நிலை வந்தபோது, பெண்ணின் பையில் பேருந்துக்குத்தான் காசு இருந்தது. கூலி வேண்டாம் என்று சொல்லி, நேற்று அக்காவே மடித்துக் கொடுத்தாள்.

"என்னது?... ஊசியா? என்ன ஊசிண்ணா?"

தையல் இயந்திரம் நின்றது.

"ஆமா, ஞாபகம் இருக்கு. என் ஊசி தடிமனா இருந்துச்சு, வளையத்துக்குள்ள போகலை. நீங்க உங்க சாவிக்கொத்துல இருந்து மெல்லிசா ஒண்ணு எடுத்துக் கொடுத்தீங்க... திருப்பிக் கொடுத்தேனே... கொடுக்கலையா?... அண்ணா, பாக்கெட்ல பாருங்க. சட்டைப் பாக்கெட்... வண்டியில? சீட்டுக்கு அடியில?... நல்லா யோசிச்சுச் சொல்லுங்க, நான் கொடுத்தேனா இல்லையா?"

ரிசர்வை மடிக்கும்போது பையின் மடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துப் பூட்ட வேண்டும். மேல்மடிப்பு வந்து சேரும்வரை உள்மடிப்பு பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க, ஒரு கயிற்று வளையத்துக்குள் ஊசி செருகி வைப்பார்கள். மூடுவதற்கு முன் அதை உருவிவிட வேண்டும். மறந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. யார் எவ்வளவு இழுத்தாலும் பை திறக்காது. மறக்காமல் இருக்கத்தான் அக்கா தன் ஊசிகளுக்கெல்லாம் நீளமான சிவப்பு நாடா கட்டியிருந்தாள். மேஜைமேல் ஒரு தட்டு; ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே குழி வெட்டியது. வேலை முடிந்ததும் எல்லாக் குழியும் நிறைந்திருக்க வேண்டும். நேற்றும் நிறைந்திருந்தது. பார்த்துவிட்டுத்தான் மூடி முத்திரை வைத்தாள். ஆனால் அண்ணாவின் ஊசிக்கு அந்தத் தட்டில் குழி இல்லை. அதில் நாடாவும் இல்லை.

மேஜைக்கு அடியில் மண்டியிட்டுத் தரையைத் தடவிப் பார்த்தாள். நூல் துண்டுகள்தான் இருந்தன.

"அண்ணா... சிட்டு எங்க?... ஏறிட்டாளா?... அது என்ன சத்தம், பிளேனா?... நிறுத்துங்க. பிளேனை நிறுத்துங்கண்ணா... எதுக்கா? உங்க ஊசி அவ முதுகுல இருக்கு. ரிசர்வோட உள்மடிப்புல. உருவாம மூடிட்டேன்... நான்தான், வேற யாரு."

அவர் ஏதோ சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"பெரிய பாராசூட் விரியும்தான்... விரியும்னு நம்பித்தான் எல்லாரும் ஏறுறாங்க... ஆமாண்ணா, எனக்கும் தெரியும், நூறு தடவையும் விரியும். விரியாத அன்னிக்கு? அவ ரிசர்வை இழுப்பா. நம்ம ரெண்டு பேரையும் நம்பி இழுப்பாண்ணா... நிச்சயமான்னா என்ன சொல்ல? நிச்சயமாத் தெரியலை. தெரியாததாலதான் நிறுத்தச் சொல்றேன்... என் பேரு கெட்டா கெடட்டும். கூடாரம் தைச்சுப் பிழைச்சுக்குவேன். ஆபீஸ்ல போய் ரேடியோல சொல்லச் சொல்லுங்க... ஆபீஸைப் பூட்டிட்டு எங்க போச்சு அந்த ரேடியோ அம்மா?... சரி, விடுங்க. நீங்க ஓடுங்க."

தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அவளுக்கே கூசியது. படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று போகிற மனிதர்.

"முட்டி தெரியும்ணா. மன்னிச்சுக்கங்க. ஓடுங்க... பின்பக்கம் போகாதீங்க, விசிறி கிட்டப் போகாதீங்க. தள்ளி, முன்னால, பைலட் கண்ணுல படுற மாதிரி நின்னு ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்கால போடுங்க... வைக்காதீங்க. போனைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டே ஓடுங்க... அண்ணா, கேக்குதா? எத்தனை பேர் உங்க பஸ்ஸுக்குப் பின்னாடி ஓடி வந்திருப்பாங்க. ஒருத்தரையும் விட்டுட்டுப் போனதில்லைன்னு சொல்வீங்களே. உங்களுக்கும் ஒருத்தன் நிறுத்துவாண்ணா. போங்க."

அதற்கப்புறம் துணி உரசும் சத்தம்தான். ஒரு கால் அழுத்தமாக, ஒரு கால் இழுபட்டு. மூச்சு. அதற்கும் மேலே விமானத்தின் இரைச்சல், பெரிதாகிக்கொண்டே வந்தது. கிட்டே போகிறாரா, அல்லது விமானம் கிளம்பிவிட்டதா என்று அக்காவுக்குப் புரியவில்லை. இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான்.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தினமும் வேலை தொடங்கும் முன் கையைக் கழுவிவிட்டு, 'இந்தக் கை தொடுகிற உயிரைக் காப்பாற்று' என்று கேட்டுக்கொள்வது அவள் வழக்கம். நேற்றும் கேட்டாள். நேற்றுக் கேட்டதை இன்றைக்காவது கொடு என்று இப்போது கேட்டாள். கீழே சலவைக்கடையில் யாரோ சிரிப்பது கேட்டது. சிட்டு நேற்று இதே இடத்தில் நின்று, கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்து, கருகினதுன்னு கடையில ஒதுக்கிட்டாங்க, ஆனா நல்லாருக்கும் அக்கா என்று நீட்டியது நினைவுக்கு வந்தது. மேஜை ஓரத்தில் இன்னும் பாதி ரொட்டி இருந்தது. அதைப் பார்க்கவே பயமாக இருந்தது அவளுக்கு.

இரைச்சல் உச்சத்துக்குப் போனது. பிறகு, யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல் இறங்கியது.

"அண்ணா?... அண்ணா, இருக்கீங்களா?... நின்னுடுச்சா?... எறங்கிட்டாளா? கண்ணால பாத்தீங்களா?... சரி. சரி. உக்காருங்க. பேசாதீங்க, மூச்சு வாங்குங்க... விழுந்துட்டீங்களா? எங்க அடி?... சரி... பைலட் திட்டுறாரா? திட்டட்டும், நல்லா இருக்கட்டும் அவர்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவகிட்ட என்ன சொல்லப் போறீங்க?... வேணாம். உங்க தப்புன்னு சொல்லாதீங்க. ஊசிதான் உங்களது, கை என்னுது... அண்ணா, உங்க நல்ல மனசு எனக்குத் தெரியும். போனை அவகிட்டக் கொடுங்க... சிட்டு... கோபமா இரு, பரவால்ல. கொஞ்சம் கேளு. நான் சொல்ற மாதிரி செய். பையைக் கழட்டி, மூடின பக்கம் மேல தெரியுற மாதிரி புல்லுல வை. யாரும் மேல குனியக் கூடாது. இடது கைப்பக்கம் வர்ற கைப்பிடி இருக்குல்ல, ரிசர்வ் கைப்பிடி... அதை இழு... காரணம் அப்புறம் சொல்றேன். முதல்ல இழு, கண்ணு."

வழியிலேயே ஊசி நழுவி விழுந்திருக்கும் என்று ஒரு சின்ன ஆசை அவளுக்குள் இன்னும் இருந்தது. பை படாரென்று திறந்து, எல்லோரும் சிரித்து, அவளை ஆயுசுக்கும் கேலி செய்யட்டும்.

"இழுத்தியா?... கைப்பிடிக் கம்பி முழுசா கையோட வந்துடுச்சா?... பை?... திறக்கலையா."

அவள் எழுந்து, எல்லாக் குழியும் நிறைந்திருந்த அந்தத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

"சிட்டு... ஆமா. ஆமா, நான்தான். உள்ள ஒரு ஊசியை விட்டுட்டேன்... அழாத... சரி, அழு. நான் இங்கேயே இருக்கேன்... கேளு, ஆத்துக்கு அந்தப் பக்க மைதானத்துல ஒருத்தர் இருக்கார், சுத்தமா மடிப்பார். அவர்கிட்டக் கொண்டு போ. செலவு என்னுது... என்ன?... யார்கிட்ட?... மறுபடியும் என்கிட்டயேவா? ஏண்டி?"

சிட்டு சொன்னதை அக்கா அசையாமல் கேட்டாள். தலை மெல்லக் குனிந்தது.

"ஆமா... சொல்லாம இருந்திருக்கலாம்தான். விரிஞ்சிருக்கும், யாருக்கும் தெரிஞ்சிருக்காது... ம்... சொன்னதாலதான் என்கிட்டயேவா?... சரி. கொண்டா. ஆனா இந்தத் தடவை நீ எதிர்ல உக்காரு. மூடுறதுக்கு முன்னால, செருகினது ஒவ்வொண்ணையும் உன் கையில கொடுப்பேன். உன் கையில வராம முத்திரை இல்ல... அண்ணாவைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வா. வெந்நீர் போடுறேன், முட்டிக்கு ஒத்தடம் வைக்கணும்... ஊசியா? ஐயோ, இப்பவும் அதைத்தான் கேக்குறாரா? அங்க யாரும் உருவாதீங்க. நான்தான் உருவணும். ஒரு முழம் சிவப்பு நாடா கட்டித்தான் திருப்பித் தருவேன்னு சொல்லு... சிரிக்கிறாரா?... சிட்டு?... ஹலோ... ஹலோ... லைன் கட்டாயிடுச்சு."