கூச்சல் கணக்கில் வராது

கைதட்டலை அப்புறம் வச்சுக்கலாம்... முதல்ல ஒரு குட்டிக் கதையைக் கேளுங்க.

கோரைக்குடின்னு ஓர் ஊர். அங்கே கிராம சபைக் கூட்டம். ஊரே குடிதண்ணி எடுக்கிற ஏரி, அதோட கரையில டவுன் குப்பையைக் கொட்ட இடம் விடலாமா, கூடாதா? அதுதான் பேச்சு. தலைவர் மைக்கைப் பிடிச்சவர் விடவே இல்லை. அந்தத் திட்டத்தைப் புகழ்ந்து தள்ளிட்டார். ஊர் எழுந்து நின்னுச்சு. "வேண்டாம்! வேண்டாம்!" நம்ம ஆளுங்க எதிர்ப்பை வேற எப்படிச் சொல்லுவாங்க? வரிசையில நின்னா? எல்லாரும் ஒண்ணாத்தானே கத்துவோம்!

அந்த வருஷம் தீர்மானம் எழுத செயற்கை நுண்ணறிவு வந்திருந்தது. ஊராட்சிச் செயலர் தணிகைவேலு போனை மேஜை மேல வச்சிருந்தார். அதுவே கேட்கும்... அதுவே எழுதும்... அதுவே படிக்கும். கடைசியில படிச்சுது. ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி குரல்.

"மக்கள் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர். மறுப்பு ஏதும் பதிவாகவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது."

செங்கமலம்னு ஒரு அம்மா. அந்த ஏரித் தண்ணியிலதான் அவங்க வீட்டுச் சோறு வேகுது. விடுவிடுன்னு தணிகைவேலு முன்னால வந்து நின்னாங்க.

"ஏன் தம்பி, தொண்டை கிழியக் கத்துனோமே, அது எங்க போச்சு?"

"அக்கா, பல பேர் சேர்ந்து கத்துனா இரைச்சல்னு நீக்கிடும். ஒருத்தர் தெளிவா பேசுனாத்தான் எடுத்துக்கும்."

"மைக்கு யார் கையில இருந்துச்சு?"

"...தலைவர் கையில."

"அப்ப அவர் ஒருத்தர்தான் ஊரா? நாங்கெல்லாம் காக்கா கூட்டமா?"

தலைவர் சிரிச்சார். "உள்ள வரும்போதே வருகைக்குக் கையெழுத்துப் போட்டாச்சேம்மா. அது போதும், கிளம்புங்க."

யாரும் கிளம்பலை. செங்கமலம் வாசல்ல குறுக்கே உட்கார்ந்தாங்க. ஊரும் உட்கார்ந்தது.

"போனை அணை தம்பி. பேனாவை எடு. வேண்டாம்னு உன் கையால எழுது. அப்புறம் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்."

தணிகைவேலு தலைவரைப் பார்த்தார்... வாசலைப் பார்த்தார்... எழுதினார். சத்தமா படிச்சும் காட்டினார்.

கேட்டீங்களா? "மெஷின் தெரியாம தப்பு பண்ணிடுச்சு"ன்னு அதிகாரி சொல்லுவார். நான் நம்ப மாட்டேன். யார் வந்து சொன்னாலும் நம்ப மாட்டேன்! எது பேச்சு, எது இரைச்சல்னு அதுக்குச் சொல்லிக் கொடுத்தது யாரு? உங்களைக் கேட்டாங்களா? என்னைக் கேட்டாங்களா? மனு கொடுத்தே நரைச்ச தலை இது. மெஷின் வர்றதுக்கு முன்னாடியும் நாம சொன்னதைக் கேட்கலை. ஆனா கேட்காதவன் சட்டையைப் பிடிச்சு ஏன்டான்னு கேட்க முடிஞ்சது. இன்னைக்கு மெஷினைக் கை காட்டுறான்... அதுக்குச் சட்டை ஏது?

நாளைக்கு நம்ம ஊர் மேஜையிலயும் ஒரு போனை வைப்பாங்க. அது படிக்கிறதை முழுசாக் கேளுங்க. நீங்க சொன்னது அதுல இல்லையா?

உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திரிக்காதீங்க.