ஒன்பதாவது டீமும் பத்தாவது டீமும்

ஞாயிறு மத்தியானம் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் கொத்துரொட்டிக்கு வரிசை. பசியோடு நிற்பவனுக்கு அடுத்தவர் பேச்சு நன்றாகவே கேட்கும். எனக்கு முன்னால் நின்றவர் பழைய மாணவர் உதைபந்தாட்டப் போட்டியின் அட்டவணையை விரித்து வைத்திருந்தார். பக்கத்தில் விளையாட்டுப் பையோடு ஒரு இளைஞர்.

“எட்டு டீம் இனிப் பத்து. உங்கடை பள்ளிக்கூடச் சங்கம் ரெண்டா உடைஞ்சதெல்லே, ரெண்டையும் புதுசாச் சேர்த்தாச்சு.”

“ரெண்டுக்கும் ஒரே நாளிலை மட்ச் போட்டிடாதேங்கோ, அண்ணை.”

“ஏன், அடிபடுவினமோ?”

“சீச்சீ. தலைவர், செயலாளர்தான் ரெண்டு ரெண்டு பேர். விளையாடுறது அதே பதினொரு பேர்.”

அண்ணை பேனாவை எடுத்து, இரண்டு டீமுக்கும் மட்ச் போட்டிருந்த ஒரு ஞாயிறை வெட்டினார். யோசித்துவிட்டு இன்னும் மூன்றை வெட்டினார்.

“அப்ப நீங்கள் ரெண்டு டீமும் ஒண்டோடை ஒண்டு விளையாடுறது எப்பிடி?”

“அந்த மட்ச்சை எடுத்து விடுங்கோ.”

“எடுக்கலாம். ரெண்டும் பைனலுக்கு வந்தா?”

“அடுத்த ஆள்!” என்றார் கடைக்காரர். இருவரும் அசையவில்லை.

“வராது, அண்ணை. பயப்பிடாதேங்கோ.”

“எப்பிடிச் சொல்லுறீர்?”

“ரெண்டு டீமுக்கும் கோல் கீப்பர் நான்தான்.”